மூளையின் நுண்மையை ஆய்ந்த மருத்துவ அறிஞர் சாலமன் கார்ட்டர் ஃபுல்லர்

கல்வியால் உயர்ந்தோரின் வரலாற்றை எழுதப் புகும்போது நாம் பெரும்பாலும் பட்டம் பெற்ற நாளோடு எழுதுகோலைக் கீழே வைத்துவிடுகிறோம். எளிய குடியில் பிறந்தார், இடையூறுகளுக்கிடையே பயின்றார், பட்டம் பெற்றார், புகழடைந்தார் என்று முடித்து மனநிறைவு கொள்கிறோம். பட்டத்திற்குப் பின் அவருக்கு எந்த இருக்கை தரப்பட்டது, ஒத்த பணிக்கு ஒத்த ஊதியம் கிடைத்ததா, அவர் கண்டறிந்தவை எவர் பெயரால் வழங்கின என்ற வினாக்கள் எழுவதே இல்லை. நமது கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில் அவ்வினாக்களையும் எழுப்பக் கடமைப்பட்டுள்ளோம். அதற்கு ஏற்ற வாழ்க்கை ஒன்றை இம்மலரில் எடுத்துரைக்க விழைகிறோம். அமெரிக்க நாட்டின் முதல் கறுப்பின மனநோய் மருத்துவராகப் போற்றப்படும் சாலமன் கார்ட்டர் ஃபுல்லரின் வாழ்க்கையே அது.

பிறப்பும் குடியும்

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் லைபீரியா என்றொரு நாடு உண்டு. அமெரிக்காவில் அடிமைத்தளையினின்று விடுபட்டோர் பலர் கடல் கடந்து சென்று குடியேறிய நாடு அது, 1847-இல் குடியரசாயிற்று. அந்நாட்டின் தலைநகரான மன்ரோவியாவில் 1872-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 11-ஆம் நாள் ஃபுல்லர் பிறந்தார்.

அவருடைய பாட்டனார் வர்ஜீனியா மாநிலத்தில் அடிமையாக இருந்தவர். தம் விடுதலையைத் தாமே விலை கொடுத்து வாங்கிக்கொண்டு, 1852-இல் குடும்பத்தோடு லைபீரியா சென்றார். மனிதன் தன் உடலுக்கும் உழைப்புக்கும் தானே விலை செலுத்தி மீட்க வேண்டியிருந்த கொடுமையை எண்ணிப் பார்க்கின்றோம். அப்பாட்டனாரின் மகன் காப்பித் தோட்ட உரிமையாளராகவும் அரசு அலுவலராகவும் விளங்கினார். ஃபுல்லரின் தாய்வழிப் பாட்டனாரும் பாட்டியாரும் மருத்துவத் தொண்டு புரிந்தவர்கள். பள்ளிகள் அரிதாயிருந்த அக்காலத்தில் அன்னையார் தம் இல்லத்திலேயே பள்ளி தொடங்கி, தம் மகனுக்கும் அண்டை வீட்டுச் சிறுவர்களுக்கும் எழுத்தறிவித்தார். திண்ணையிலும் கூரைக் கொட்டகையிலும் தொடங்கிய பள்ளிகளின் அருமையை அறிந்த நமக்கு அவ்வன்னையாரின் தொண்டு அந்நியமன்று.

கடல் கடந்த கல்வி

1889-இல், பதினேழு வயதில், ஃபுல்லர் அமெரிக்கா சென்றார். பாட்டனார் எந்த நாட்டை விட்டு நீங்கினாரோ அதே நாட்டிற்குப் பேரன் கல்வி தேடிச் சென்றார். வட கரோலினா மாநிலத்தின் சாலிஸ்பரியில் கறுப்பின மக்களுக்கென அமைந்த லிவிங்ஸ்டன் கல்லூரியில் பயின்று 1893-இல் பட்டம் பெற்றார். பின்னர் புரூக்ளினில் மருத்துவப் படிப்பைத் தொடங்கி, அங்கிருந்து பாஸ்டன் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளிக்கு மாறி, 1897-இல் மருத்துவரானார்.

அப்பள்ளியின் மரபைப் பற்றி ஒரு சொல் கூறுதல் தகும். அதன் முன்னோடியான பெண்கள் மருத்துவக் கல்லூரியில்தான் 1864-இல் ரெபெக்கா லீ கிரம்ப்ளர் பட்டம் பெற்று, அமெரிக்காவின் முதல் கறுப்பினப் பெண் மருத்துவரானார். ஏனைய பள்ளிகள் தாழிட்டிருந்த காலத்தில் ஒரு பள்ளி கதவைத் திறந்து வைத்ததன் பயனை ஃபுல்லரும் பெற்றார்.

பட்டம் பெற்றதும் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வெஸ்ட்பரோ அரசு மனநோய் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராகச் சேர்ந்தார். ஈராண்டுகளில் நோய்க்கூறியல் துறையின் பொறுப்பு அவரிடம் வந்தது; 1899 முதல் தாம் பயின்ற மருத்துவப் பள்ளியிலேயே ஆசிரியராகவும் பணியாற்றத் தொடங்கினார். இறந்த நோயாளிகளின் மூளையை அறுத்துச் சாயமேற்றி நுண்ணோக்கியின்கீழ் ஆய்வது அவருடைய அன்றாடப் பணியாயிற்று. மனநோய் என்றால் தீவினைப் பயன் என்றும் பேய் பிடித்ததென்றும் பலர் எண்ணியிருந்த காலம் அது. மூளையின் உயிரணுக்களில் காணும் மாற்றங்களைக் கொண்டு மனநோயை விளக்க முயன்ற சிலருள் ஃபுல்லரும் ஒருவர்.

ம்யூனிக் ஆய்வுக்கூடம்

1904-இல் ஃபுல்லர் செர்மனி நாட்டின் ம்யூனிக் நகருக்குச் சென்றார். மனநோய் மருத்துவத்தில் உலகப் புகழ் பெற்ற எமில் கிரெப்பலின் அங்கு மருத்துவமனைத் தலைவராக இருந்தார். அவருக்குத் துணையாக மூளை ஆய்வுக்கூடத்தை நடத்தியவர் அலோய்ஸ் அல்சைமர். அவர் தம் ஆய்வுக்கூடத்திற்குத் தெரிந்தெடுத்த ஐந்து அயல்நாட்டு மாணவர்களுள் ஃபுல்லர் ஒருவராயிருந்தார். அடிமையின் பேரன், உலகின் தலைசிறந்த ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கி முன் அமர்ந்தார்.

அல்சைமர் நல்லாசிரியர். வாயில் சுருட்டோடு ஒவ்வொரு மாணவராக அருகமர்ந்து, நுண்ணோக்கியில் காண்பதை விளக்குவார் என்றும், பேச்சின் ஆர்வத்தில் சுருட்டை அங்கேயே மறந்து வைத்துச் செல்வார் என்றும், மாலையில் ஒவ்வொரு மாணவரின் மேசையிலும் ஒரு சுருட்டுத் துண்டு கிடக்கும் என்றும் அவரைப் பற்றிய செய்தி வழங்குகிறது. அவ்வாசிரியரிடம் ஃபுல்லர் மூளைத் துண்டுகளுக்குச் சாயமேற்றும் முறைகளைக் கசடறக் கற்றார். ஐரோப்பாவில் இருந்த காலத்தில் பால் எர்லிக் என்னும் பேரறிஞரைச் சந்தித்து ஒரு பிற்பகல் முழுதும் அளவளாவும் வாய்ப்பும் அவருக்குக் கிட்டியது. 1908-இல் எர்லிக்கும் ருசிய அறிஞர் மெச்னிகோவும் உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் குறித்த ஆய்வுகளுக்காக நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். உடலில் புகும் கிருமிகளை விழுங்கி அழிக்கும் உயிரணுக்கள் உண்டென்று காட்டியவர் மெச்னிகோவ். அத்தகைய விழுங்கும் அணுக்கள் மூளைக்குள்ளும் உண்டென்பது பின்னரே தெளிவாயிற்று.

ஒன்பதாவது நோயாளி

பிராங்க்பர்ட் மருத்துவமனையில் 1901-இல் 51 வயதுப் பெண்மணி ஒருவர் சேர்க்கப்பட்டிருந்தார். நினைவு குன்றி, காலமும் இடமும் மறந்து, ஐயமும் அச்சமும் கொண்டு வாடிய அவர் 1906 ஏப்ரலில் மறைந்தார். அவருடைய மூளை அல்சைமரின் ஆய்வுக்கு வந்தது. நரம்பணுக்களுக்குள் முறுக்கிக்கொண்ட நூலிழைச் சிக்கல்களையும், அணுக்களுக்கு வெளியே படிந்த திட்டுகளையும் அல்சைமர் கண்டார். அவ்வாண்டு நவம்பரில் ட்யூபிங்கன் நகரில் கூடிய மருத்துவர் அவையில் அதனை எடுத்துரைத்தார்; 1907-இல் அச்சிலும் வெளியிட்டார். 1910-இல் கிரெப்பலின் தம் நூலில் அந்நோய்க்கு அல்சைமரின் பெயரைச் சூட்டினார்.

வெஸ்ட்பரோ திரும்பிய ஃபுல்லர் அதே துறையில் அயராது உழைத்தார். நரம்பணுக்களின் நூலிழைகள் குறித்து 1907-இலும், முதியோர் மூளையில் காணும் திட்டுகள் குறித்து 1911-இலும் ஆய்வுரைகள் வெளியிட்டார். 1912-இல் வெளிவந்த அவருடைய கட்டுரை வரலாற்றுச் சிறப்புடையது. அதுவரை உலகில் பதிவான அல்சைமர் நோயாளிகள் அனைவரையும் பற்றி முழுமையாகத் தொகுத்து ஆங்கிலத்தில் எழுதப்பட்ட முதற் கட்டுரை அதுவே. அல்சைமரின் முதல் நோயாளி பற்றிய செர்மானியக் குறிப்பை ஃபுல்லர் அதில் ஆங்கிலத்தில் பெயர்த்துத் தந்தார். தம் மருத்துவமனையில் ஆய்ந்த 56 வயது ஆடவர் ஒருவரை அந்நோயின் ஒன்பதாவது நோயாளியாகச் சேர்த்தார்.

ஆசிரியர் மீது பேரன்பு கொண்டிருந்தும் ஃபுல்லர் ஆசிரியர் சொல்லை அப்படியே வழிமொழிந்தாரில்லை. திட்டுகளும் சிக்கல்களும் மட்டுமே நோயைத் தீர்மானிக்கப் போதியவை அல்ல என்று கருதினார். குருதிக்குழாய்கள் தடித்து இறுகுவதே முதுமை மறதிக்குக் காரணம் என்ற அக்காலப் பொதுக் கொள்கையையும் ஏற்க மறுத்தார். இங்ஙனம் கற்றதைச் சோதித்து ஏற்கும் துணிவையே நாம் கல்வியின் பயன் என்போம்.

அக்கட்டுரை வெளியான மறு ஆண்டில், 1913-இல், அண்ணல் அம்பேத்கர் மேற்படிப்புக்காக நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அடி வைத்தார் என்பதையும் ஈண்டு நினைவு கூர்கிறோம்.

கொழுப்பு என்னும் துப்பு

அல்சைமரின் அக்குறிப்பில் திட்டும் சிக்கலுமேயன்றி மூன்றாவது செய்தியொன்றும் இருந்தது. நரம்பணுக்களைச் சூழ்ந்துள்ள கிளியா எனப்படும் துணை அணுக்கள் பலவற்றில் கொழுப்பு நிறைந்த பைகள் காணப்பட்டன என்பதே அது. முதலிரண்டையும் உலகம் நூறாண்டு ஆராய்ந்தது. மூன்றாவது செய்தி பெரும்பாலும் ஏட்டிலேயே உறங்கியது. அண்மைக் காலத்தில்தான் அறிவியல் அதன்பால் திரும்பியது. அதன் பொருளை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

நீரை நீக்கிப் பார்த்தால் மூளையின் எடையில் ஏறத்தாழ பாதி கொழுப்பே. நரம்பிழைகளைப் போர்த்தும் மையலின் உறையும், ஒவ்வோர் அணுவின் புறச்சவ்வும் கொழுப்பால் ஆனவை. துணை அணுக்களில் ஒரு வகையை ஸ்பெயின் நாட்டு அறிஞர் பியோ தெல் ரியோ ஓர்த்தேகா 1919-இல் தனியே பிரித்தறிந்து மைக்ரோகிளியா என்று பெயரிட்டார். மூளையின் நோயெதிர்ப்பு அணுக்கள் இவையே. மெல்லிய கைகளை நீட்டிச் சுற்றிலும் தடவிப் பார்த்தபடி இருக்கும். இறந்த அணுக்களையும், சிதைந்த மையலினையும், படியும் அமிலாய்டுப் புரதத்தையும் விழுங்கும்.

விழுங்கிய பொருளில் பெரும்பகுதி கொழுப்பு. அதனை மூன்று வழிகளில் அவ்வணு செலவிட வேண்டும். எரித்து ஆற்றலாக்கலாம், சிறு துளிகளாகச் சேமிக்கலாம், கொலஸ்டிராலை ஊர்திப் புரதங்களில் ஏற்றி வெளியே அனுப்பலாம். வரத்தும் போக்கும் ஒத்திருக்கும்வரை கேடில்லை. ஏரிக்கு நீர் வந்துகொண்டே இருக்க, மதகு மட்டும் அடைபட்டால் கரைக்கு என்ன நேருமோ, அதுவே இவ்வணுவுக்கும் நேர்கிறது. முதுமையில் கொலஸ்டிராலை வெளியேற்றும் திறன் குறையும்போது அது அணுவுக்குள் படிகமாகிறது. கூரிய படிகங்கள் செரிமானப் பைகளின் சுவரைக் கிழிக்கின்றன. உடனே அபாய அறிவிப்பு எழுகிறது. இன்டர்லூக்கின் போன்ற அழற்சிப் பொருள்கள் சுரக்கின்றன. வயது முதிர்ந்த எலிகளில் மையலின் சிதைவை அகற்றும்போது இது நிகழ்வதை 2018-இல் ஆய்வாளர்கள் காட்டினர்.

அழற்சியும் தன் பங்குக்குக் கொழுப்பைப் பெருக்குகிறது. அழற்சி நிலையை அடைந்த மைக்ரோகிளியா ஆற்றலுக்குச் சர்க்கரையையே மிகுதியும் நாடுகிறது; கொழுப்பை எரிப்பது குறைகிறது. எரியாத கொழுப்பு துளிகளாகத் தேங்குகிறது. கொழுப்பு அழற்சியை வளர்க்க, அழற்சி கொழுப்பை வளர்க்க, இரண்டும் ஒன்றையொன்று ஊட்டும் நச்சுச் சுழல் உருவாகிறது. 2020-இல் வெளியான ஆய்வொன்று, முதிய எலிகளின் நினைவு மையப் பகுதியில் மைக்ரோகிளியாக்களில் ஏறத்தாழ பாதி இங்ஙனம் கொழுப்புத் துளி நிறைந்தவை என்று கண்டது. அவை விழுங்கும் திறன் குன்றி, தீங்கான ஆக்சிசன் சேர்மங்களையும் அழற்சிப் பொருள்களையும் மிகுதியாக வெளியிட்டன. காவலுக்கு நின்றவையே ஊறு செய்யலாயின.

மரபணு ஆய்வுகளும் இதே திசையைச் சுட்டின. கொழுப்பை ஏற்றிச் செல்லும் ஊர்திப் புரதங்களுள் ஒன்றை ஆக்குவது ஏபிஓஇ என்னும் மரபணு. அதன் நான்காம் வகையைப் பெற்றவர்க்கு அல்சைமர் நோய் வரும் வாய்ப்பு மிகுதி என்று 1993-இல் தெரியவந்தது. மைக்ரோகிளியாவின் மேற்பரப்பில் இருந்து கொழுப்பை உணரும் ட்ரெம்-2 என்னும் புரதத்தின் மரபணுப் பழுதும் அந்நோய் வாய்ப்பை உயர்த்துவது 2013-இல் வெளிப்பட்டது. 2024-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அந்நான்காம் வகையைத் தாய் தந்தை இருவழியிலும் பெற்ற நோயாளிகளின் மூளையில் கொழுப்புத் துளி நிறைந்த மைக்ரோகிளியாக்கள் மிகுந்திருப்பதைக் காட்டினர். அமிலாய்டு பட்டதும் அவற்றில் துளிகள் பெருகின. அவ்வணுக்கள் சுரந்த நீர் நரம்பணுக்களில் படும்போது, நூலிழைச் சிக்கலுக்கு அடிப்படையான டௌ புரதம் மாற்றமடைந்தது. அல்சைமர் கண்ட மூன்றும், அதாவது திட்டும் சிக்கலும் கொழுப்பும், ஒரே சங்கிலியின் கண்ணிகளாக இருக்கக்கூடும் என்பது இதனால் புலப்படுகிறது. முதலிரண்டு மட்டும் போதா என்று 1912-இல் எழுதியவரின் நுண்ணறிவை இங்கே வியக்கின்றோம்.

தலைமைப் பணி உண்டு. தலைமைப் பட்டம் இல்லை

இனி அன்னாரின் பிற்கால வாழ்வுக்கு வருவோம். 1909-இல் ஃபுல்லர் மெட்டா வாரிக் என்னும் புகழ் பெற்ற சிற்பக் கலைஞரை மணந்தார். பாரிசில் பயின்று, மாபெரும் சிற்பி ரோடினின் பாராட்டைப் பெற்றவர் அவ்வம்மையார். இருவரும் பிரேமிங்காம் என்னும் ஊரில் வீடு கட்டிக் குடியேற முனைந்தபோது, வெள்ளை இன அண்டை வீட்டார் தடுக்க முயன்றனர். மருத்துவர் என்ற பட்டமும் சிற்பி என்ற புகழும் அத்தடையை முன்கூட்டியே நீக்கிவிடவில்லை. இக்குடும்பம் அஞ்சாது அவ்வூரிலேயே வாழ்ந்து, மூன்று ஆண்மக்களை வளர்த்து ஆளாக்கியது. வீடு கேட்டுச் செல்லும்போது முதலில் சாதி கேட்கப்படும் ஊர்களை அறிந்த நாம் இதனை எளிதில் உணர்கிறோம்.

1919-இல் வெஸ்ட்பரோவை விட்டு விலகி மருத்துவப் பள்ளியிலேயே முழுநேரமும் பணியாற்றினார். ஒத்த நிலையிலிருந்த வெள்ளை ஆசிரியர்களைவிடக் குறைந்த ஊதியமே அவருக்குத் தரப்பட்டது. 1928 முதல் 1933 வரை ஐந்தாண்டுகள் நரம்பியல் துறையின் தலைவர் செய்ய வேண்டிய பணிகள் அனைத்தையும் அவரே செய்தார். தலைவர் என்ற பட்டம் மட்டும் தரப்படவில்லை. 1933-இல் அவருக்குக் கீழ்நிலையில் இருந்த வெள்ளை இனத்தவர் ஒருவர் முழுப் பேராசிரியராகவும் துறைத் தலைவராகவும் உயர்த்தப்பட்டார். ஃபுல்லர் பணியினின்று விலகினார். தோலின் நிறம் வேறாயிருந்திருப்பின் தாம் மேலும் உயர்ந்திருக்கக் கூடும் என்பதை அவர் அறிந்தே இருந்தார்.

ஆயினும் தம் மக்களுக்கு ஆற்ற வேண்டிய தொண்டில் அவர் குறை வைக்கவில்லை. அலபாமா மாநிலத்தின் டஸ்கீஜி நகரில் முன்னாள் கறுப்பினப் போர்வீரர்களுக்கென 1923-இல் மருத்துவமனை திறக்கப்பட்டது. அதனைக் கறுப்பின மருத்துவர்களே நடத்த வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோது, அப்பணிக்கான இளம் மருத்துவர்களுக்கு ஃபுல்லர் பயிற்சியளித்தார். மேகநோய் மூளையைத் தாக்கும்போது தோன்றும் அறிகுறிகளைப் பிரித்தறிய அவர்களுக்குக் கற்பித்தார். தாம் ஏறிய படியைப் பின்வருவோருக்கும் காட்டிய பண்பு இது.

ஓய்வு நேரத்தில் தோட்டம் வளர்ப்பதும் நூல்களுக்குக் கட்டடம் செய்வதும் அவருக்கு உவப்பானவை. நீரிழிவு நோயால் 1940களில் கண்பார்வை அறவே மங்கியது. நுண்ணோக்கியில் பிறர் காணாதவற்றைக் கண்ட கண்கள் இருண்டன. அப்போதும் தம்மை நாடி வந்த நோயாளிகளுக்கு அறிவுரை கூறி வந்தார். 1953 சனவரி 16-ஆம் நாள், எண்பதாம் வயதில் இயற்கை எய்தினார். 1970களில் பாஸ்டன் நகரில் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியின் அருகிலேயே எழுந்த மனநல மையத்திற்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டது. தலைவர் இருக்கை மறுக்கப்பட்ட இடத்தினருகே ஒரு கட்டடமே அவர் பெயரைத் தாங்கி நின்றது.

நாம் கொள்ள வேண்டுவன

இவ்வரலாறு முடிந்த கதையன்று. அமெரிக்காவில் முதிய கறுப்பின மக்கள் வெள்ளையரைவிட ஏறத்தாழ இரு மடங்கு மறதி நோய்க்கு ஆளாகின்றனர். ஆனால் அந்நோய்க்கான மருந்தாய்வுகளில் பங்கு பெறுவோருள் அவர்கள் மிகச் சிலரே. ஏபிஓஇ மரபணுவின் நான்காம் வகை விளைக்கும் கேடு ஐரோப்பிய வழியினரைவிட ஆப்பிரிக்க வழியினரிடம் குறைவாகக் காணப்படுகிறது. அதன் காரணம் விளங்கினால் நோயைத் தடுக்கும் வழியே புலப்படலாம். அதற்கு அம்மக்களை ஆராய வேண்டும். ஆராய்வோருள் அம்மக்களும் இருக்க வேண்டும். ஒரு சமுதாயத்தை ஆய்வுக்கூடத்திற்கு வெளியே நிறுத்தினால், அதனால் அறிவியலும் குறைபட்டுப் போகிறது.

நம் கழகம் இருபத்தைந்தாண்டுகளாகப் பிள்ளைகளைப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் அனுப்பும் தொண்டைச் செய்து வருகிறது. அத்தொண்டு தொடர வேண்டும். அதனோடு, பட்டம் பெற்றுச் சென்ற நம் பிள்ளைகள் ஆய்வுப் படிப்பில் இடம் பெற்றனரா, உரிய ஊதியமும் உயர்வும் அடைந்தனரா, மறுக்கப்பட்டால் அவர்களுக்குத் துணை நிற்பார் உளரா என்று கேட்டறியும் பணியையும் நாம் மேற்கொள்ள வேண்டும். ஃபுல்லர் 1933-இல் தனித்து நின்றார். நம் பிள்ளைகளுள் ஒருவரும் அங்ஙனம் தனித்து நிற்க நாம் விடலாகாது.

மாணவச் செல்வங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வேதியியலும் உயிரியலும் நமக்கு எட்டாதவை என்று எவரேனும் கூறின் அதனை நம்பற்க. வீட்டுப் பள்ளியில் எழுத்தறியத் தொடங்கிய சிறுவனே அல்சைமரின் மேசையருகே அமர்ந்தான். அம்மேசையில் கண்ட கொழுப்புத் துளியின் முழுப் பொருள் இன்னும் துலங்கவில்லை. அதனைத் துலக்குவோருள் நம் தெருக்களிலிருந்து செல்பவர்களும் இருக்கட்டும்.